மகமைக் கணக்கில் ஒரு கட்சி

என் தாத்தா தன் வாழ்நாளில் ஒரே ஒரு கட்சிக்குத்தான் கைக்காசு கொடுத்தார். அந்தக் கட்சி இரண்டரை ஆண்டு தாக்குப்பிடித்தது. அதற்குள் அதற்கு இரண்டு பெயர்கள். மூன்றாவது பெயர் வைப்பதற்குள் வேறொரு கட்சியில் கரைந்துவிட்டது.

மதுரை கீழமாசி வீதியில் எங்களுக்கு அரிசி மண்டி இருந்தது. கடையைக் கைமாற்றியபோது பழைய பேரேடுகளை எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஏழெட்டை நான் உருவி வைத்துக்கொண்டேன். சிவப்புத் துணி அட்டை, ஓரமெல்லாம் கரையான். ஒவ்வொரு ஏட்டிலும் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே ‘லாபம்’ என்ற ஒரு சொல், அப்புறம் தமிழ் வருடத்தின் பெயர். ஹேவிளம்பி வருடத்து ஏட்டில், அதாவது 1957 சித்திரையில் தொடங்கிய கணக்கில், மகமைப் பக்கத்தின் அடியில் கணக்குப்பிள்ளையின் மணிமணியான கையெழுத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது: ‘ராஜாஜி வகை, புது காங்கிரஸ், பற்று ரூ. 25.’ புரட்டாசி மாதம்.

மகமை என்றால் தெரியாதவர்களுக்காக: வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று தர்மத்துக்கு எடுத்து வைப்பது. கோவிலுக்கு விளக்கு, தண்ணீர்ப் பந்தல், அன்னதானம் என்று போகும். தாத்தா அந்தக் கணக்கிலிருந்து ஒரு அரசியல் கட்சிக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். கடைச் செலவில் எழுத மனம் வரவில்லை போலும். கட்சிக்குக் கொடுப்பது திரும்ப வராது என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

அந்தப் ‘புது காங்கிரஸ்’தான் இந்திய தேசிய ஜனநாயக காங்கிரஸ். 1957 தேர்தலுக்கு முன்பு அதன் பெயர் காங்கிரஸ் சீர்திருத்தக் கமிட்டி. இன்றைக்குக் கல்லூரியில் அரசியல் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால்கூட இரண்டு பெயரும் தெரியாது. தெரியாததில் வியப்பில்லை. தேர்தல் ஆணையத்தின் 1957 பட்டியலிலேயே அதைக் காணோம். சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 205 இடங்களில் காங்கிரஸ் 151, கம்யூனிஸ்ட் 4, பிரஜா சோஷலிஸ்ட் 2, மீதி 48 பேர் சுயேச்சை. அந்த 48 என்ற சாக்குக்குள்தான் எல்லாரையும் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். முதன்முதலாகத் தேர்தலில் நின்ற திராவிட முன்னேற்றக் கழகத்தின் 15 பேரும் அதற்குள்தான். பார்வர்டு பிளாக்காரர்களும், ராஜாஜியின் சீர்திருத்தக் கமிட்டியும் அதற்குள்தான். அந்தச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தவர் சீர்திருத்தக் கமிட்டியின் வி. கே. ராமசாமி முதலியார். அண்ணாதுரை முதல்முறையாக உள்ளே வந்த அதே அவையில், எதிர்வரிசையின் முதல் நாற்காலி இந்தக் கட்சிக்குப் போனது. பத்தே ஆண்டில் பின் நாற்காலிக்காரர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். முதல் நாற்காலிக்காரர்களின் பெயர் பேரேட்டில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எங்கள் தாத்தா ராஜாஜி பக்கம் போனதற்குக் காரணம் கொள்கை என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். காரணம் அரிசி.

யுத்த காலத்தில் தொடங்கிய உணவுக் கட்டுப்பாடு சுதந்திரம் வந்த பிறகும் நீண்டுகொண்டே போனது. ரேஷன், கொள்முதல், பர்மிட். தஞ்சாவூர் நெல் மதுரைக்கு வர வேண்டுமென்றால் காகிதம் வேண்டும். காகிதத்துக்கு ஓர் ஆள், அந்த ஆளுக்கு ஒரு ‘மரியாதை’. மண்டி வைத்திருப்பவன் அரிசியைப் பார்க்கும் நேரத்தைவிடத் தாலுகா ஆபீஸ் திண்ணையைப் பார்க்கும் நேரம் அதிகம் என்பார் தாத்தா. சாக்கைக் குத்தி மாதிரி எடுக்கும் குத்தூசி துருப்பிடித்துச் சுவரில் தொங்கிய காலம் அது. வந்த மூட்டை எதுவானாலும் வாங்கியாக வேண்டும், அப்புறம் எதற்குக் குத்திப் பார்ப்பது? 1952 தேர்தலில் காங்கிரஸ் 375-க்கு 152 இடம்தான் பெற்றது. பெரும்பான்மை இல்லாத அந்த நெருக்கடியில் எழுபத்து மூன்று வயது ராஜாஜியை, தேர்தலிலேயே நிற்காதவரை, மேலவைக்கு நியமித்து முதல்வராக்கினார்கள். வந்த சில மாதங்களுக்குள் அவர் கட்டுப்பாட்டை எடுத்தார். விலை விண்ணுக்குப் போகும், பஞ்சம் வரும் என்று பயமுறுத்தியவர்கள் நிறையப் பேர். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தாத்தா குத்தூசியை எடுத்துச் சாணை பிடிக்கக் கொடுத்தார். “அரிசியை அவிழ்த்து விட்டவர்” என்றுதான் அவர் ராஜாஜியைக் கடைசிவரை சொல்வார். பெயரைச் சொல்ல மாட்டார்.

பின்னாளில் ராஜாஜி ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்ஜியம்’ என்று ஒரு தொடரை உண்டாக்கி நாடு முழுக்கப் பரப்பினார். இன்று பொருளாதார வகுப்புகளில் அது பாடம். அந்தத் தொடர் காதில் விழுந்தபோது கீழமாசி வீதியில் யாரும் அகராதியைத் தேடவில்லை.

ஆனாலும் ராஜாஜியைச் சுத்தமான சந்தைக்காரர் என்று வரைந்துவிட முடியாது. முதல் முறை ஆட்சியில் இருந்தபோது, 1939-ல், இந்தியாவிலேயே முன்மாதிரியாக விற்பனை வரியைக் கொண்டுவந்தவர் அவர்தான். மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட வேண்டியிருந்தது. வியாபாரிகளின் தெய்வம்தான் வியாபாரிகளுக்கு வரி போட்ட தெய்வம். 1952-ல் வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும், மில்கள் அவற்றை நெய்யக் கூடாது என்று மத்திய அரசோடு மல்லுக்கு நின்றவரும் அவரே. சந்தையைத் திறந்துவிடுகிற ஆள் பேசுகிற பேச்சா இது? மதுரையின் சௌராஷ்டிர நெசவாளர் தெருக்களில் அதை யாரும் முரண்பாடாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டு தஞ்சைப் பண்ணையாட்களையும் குத்தகைதாரர்களையும் வெளியேற்றுவதைத் தடுக்க அவசரச் சட்டம் போட்டதும் அவர் ஆட்சிதான். வலது, இடது என்று இப்போது கோடு கிழிப்பவர்கள் இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

அடுத்து வந்ததுதான் அவரைக் கவிழ்த்தது. 1953-ல் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டம். குலக்கல்வித் திட்டம் என்று எதிரிகள் வைத்த பெயரே நிலைத்தது. தாத்தா இந்த விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டார். அவருடைய மகன், என் அப்பா, அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். மண்டித் தொழிலைக் கற்பதற்கு அவருக்கு மத்தியானம் தனியாக நேரம் ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை, சாயங்காலம் முழுக்க மூட்டைமேல்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் தெருவில் சலவை செய்தவரின் பையனுக்கும் தோல் வேலை செய்தவரின் பையனுக்கும் அந்தத் திட்டம் என்ன சொல்லிற்று என்று எல்லாருக்கும் புரிந்தது. கட்சிக்குள்ளேயே புயல். 1954 மார்ச்சில் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜருக்கு 93 வாக்கு, ராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. சுப்பிரமணியத்துக்கு 41. தோற்ற சுப்பிரமணியத்தையே கல்வி அமைச்சராக வைத்து, அவர் கையாலேயே திட்டத்தை ரத்து செய்ய வைத்தார் காமராஜர். அரசியல் தெரிந்த ஆள்.

சீர்திருத்தக் கமிட்டி என்பது அந்த 41-ன் மிச்சம் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த 41-லும் கெட்டிக்காரர்கள் காமராஜரோடு தங்கிவிட்டார்கள். 1957 தேர்தல் நெருங்கியபோது யாருக்கு டிக்கெட் என்பதில் மனக்கசப்பு முற்றியது. நேற்றுவரை காங்கிரஸை எதிர்த்து நின்றவர்களுக்கெல்லாம் இடமா என்று பழைய காங்கிரஸ்காரர்கள் கொதித்தார்கள். உழைப்பாளர் கட்சியையும் காமன்வீல் கட்சியையும் காங்கிரஸ் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது உண்மைதான். அந்த இழுக்கும் வேலையைக் காமன்வீலின் மாணிக்கவேலு நாயக்கரை அமைச்சராக்கி 1952-லேயே தொடங்கி வைத்தவர் ராஜாஜி என்பதை மட்டும் கொதித்தவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள். ராஜாஜி முதலில் பின்னணியில் இருந்தார். ஆட்கள் அவருடையவர்கள், பேச்சு அவருடையது.

இங்கே மதுரையை நிறுத்திப் பார்க்க வேண்டும். எங்கள் மண்டிக்கும் அடுத்த மண்டிக்கும் ஒரே சுவர். அந்தக் கடைக்காரர் விருதுநகர்க்காரர், தாத்தாவை “அண்ணாச்சி” என்பார். தாத்தா அவரை “முதலாளி” என்பார், கொஞ்சம் கேலியாக. அவர்கள் ஊரில் மகமைப் பணத்தில் பள்ளிக்கூடமே எழுப்பியவர்கள். அவர்களுடைய பிள்ளை ஒருவர் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, ‘வியாபாரிகள் எல்லாரும் ராஜாஜி பின்னால் திரள்வார்கள்’ என்று எந்த மடையனாவது கணக்குப் போட்டிருப்பானா? போட்டார்கள். இந்தக் கட்சியின் முதல் தப்புக் கணக்கு அது. தென் மாவட்டத்து வியாபாரத்தின் பெரும்பகுதி காமராஜர் பின்னால் நின்றது. பணக்காரர்களுக்கான கட்சி என்று எதிரிகள் இவர்களைத் திட்டினார்கள். பணக்காரர்கள் வந்திருந்தாலாவது பரவாயில்லை.

மறுபுறம், அதே 1957-ல் மதுரை நாடாளுமன்றத் தொகுதியில் வென்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. டி. கே. தங்கமணி. மில் தொழிலாளர்களின் ஊர். கடைத்தெரு காமராஜருக்கு, மில்கேட் கம்யூனிஸ்டுக்கு என்றால் ராஜாஜியின் கமிட்டிக்கு எங்கே இடம்? கிழக்கேயிருந்து வந்தது விடை. முதுகுளத்தூரிலிருந்து.

முத்துராமலிங்கத் தேவர் அந்தத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் வென்றார். பார்வர்டு பிளாக் தலைவர், சுபாஷ் சந்திர போஸின் பக்தர். வலதுசாரி என்ற பெட்டிக்குள் எந்தக் கோணத்திலும் அடங்காத ஆள். 1937-ல் ராஜாஜி முதன்முதலாக ஆட்சிக்கு வந்தபோது குற்றப் பரம்பரைச் சட்டத்தை நீக்காததற்காக அவரோடு மோதியவர். 1939-ல் வைத்தியநாத ஐயர் மீனாட்சி கோவிலுக்குள் ஆலயப் பிரவேசம் நடத்தியபோது அதற்குத் துணை நின்றவர், ராஜாஜியோ அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தவர். சண்டை, உறவு, மறுபடி சண்டை என்று இருபது வருடப் பழக்கம். 1957-ல் இருவரையும் இணைத்தது ஒரே விஷயம்: காமராஜர் மேல் இருந்த பகை. காங்கிரஸில் முன்பு ஒன்றாக இருந்து முட்டிக்கொண்டவர்கள் மூவருமே.

சட்டமன்ற இடத்தைத் தேவர் விட்டுக்கொடுத்ததால் ஜூலையில் இடைத்தேர்தல் வந்தது. அதில் பார்வர்டு பிளாக் ஜெயித்தது. அதன் பின்னால் வந்தது இன்றுவரை இந்தப் பக்கத்தின் ஆறாத காயம். ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் மறவர்களுக்கும் தேவேந்திரர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. செப்டம்பர் 10-ம் தேதி முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம். மறுநாள் பரமக்குடியில், தேவேந்திரர்களின் தலைவரும் முன்னாள் ராணுவ வீரருமான இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். 14-ம் தேதி கீழத்தூவலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள்.

இந்த நெருப்பு அணையாத நேரத்தில்தான் சீர்திருத்தக் கமிட்டியின் மாநில மாநாடு மதுரையில் கூடியது. செப்டம்பர் 28, 29. நான் கிழமையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 28-ம் தேதி சனிக்கிழமை. புரட்டாசிச் சனி, அதுவும் நவராத்திரிக்கு நடுவில். கூடலழகர் கோவிலில் கூட்டம் தாங்காது, மீனாட்சி கோவிலில் கொலு. தாத்தா புரட்டாசிச் சனிக்கு விரதம் இருப்பவர், காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, நெற்றியில் நாமத்தோடு மாநாட்டுக்குப் போனார். பேரேட்டில் இருக்கும் அந்த இருபத்தைந்து ரூபாய் அன்றைக்குக் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

அந்த மாநாட்டில்தான் கட்சிக்கு இந்திய தேசிய ஜனநாயக காங்கிரஸ் என்று புதுப் பெயர் சூட்டப்பட்டது. தொடக்க உரை முத்துராமலிங்கத் தேவர். பேசி முடித்த சில மணி நேரத்தில் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் அவரைக் கைது செய்தார்கள். வைகைப் பாலத்தில் காரை மறித்து அழைத்துப் போனார்கள் என்று இன்றும் ஊரில் சொல்வார்கள். தாத்தாவுக்கு அந்தச் செய்தி ராத்திரி பலகாரத்துக்கு உட்கார்ந்தபோது வந்தது. அவர் சொன்னதாக அப்பா சொல்லும் வாசகம்: “பெயர் வைத்த அன்றைக்கே பிள்ளைக்குக் கண்டம் வந்துவிட்டதே.”

நான் இதை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பொருளாதாரச் சுதந்திரம், அரசின் அதிகாரத்துக்கு வரம்பு என்று பின்னால் பேசப்போகிற ஒரு கட்சியின் பெயர்சூட்டு விழா. அங்கே அன்று பேசப்பட வேண்டிய பொருளாக ஊர் முழுவதும் இருந்தது முதுகுளத்தூர். போலீஸ் அத்துமீறல் பற்றி அந்தக் கட்சி பேசியதில் நியாயம் இருந்தது. விசாரணையின்றி அடைத்து வைப்பதை எதிர்ப்பது வலதுசாரிக்கும் இடதுசாரிக்கும் பொதுவான கடமை. தேவர் மீதான வழக்கில் 1959 ஜனவரியில் அவர் விடுதலையும் ஆனார். ஆனால் பதினேழு நாளுக்கு முன் கொலையுண்ட ஒரு முன்னாள் ராணுவ வீரரின் ஊர்க்காரர்கள், ஒடுக்கப்பட்ட அந்த மக்கள், இந்தக் கட்சியை எப்படிப் பார்த்திருப்பார்கள்? அவர்களுக்கு அது எதிராளியின் மேடை. எந்தச் சமாதானம் சொன்னாலும் அது மாறியிருக்காது. அரசின் கை நீளக் கூடாது என்று சொல்கிறவர்கள், அரசின் கை ஒன்றுதான் பாதுகாப்பு என்றிருந்த மக்களிடம் சொல்வதற்கு ஒரு வார்த்தை வைத்திருக்க வேண்டும். இவர்களிடம் இல்லை. தாத்தாவிடமும் இல்லை. அவரிடம் இதைக் கேட்கும் வயது எனக்கு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

அடுத்த ஆண்டு, விளம்பி வருடத்து ஏட்டில், ராஜாஜி வகையில் ஐந்து ரூபாய் மட்டும். ஆர்வம் குறைந்துவிட்டது போலும், அல்லது அந்த வருடம் மழை குறைவோ என்னவோ.

1959-ல் மதுரை நகராட்சித் தேர்தல் வந்தது. மாநகராட்சி ஆனதெல்லாம் பின்னால், 1971-ல். விடுதலையாகி வந்திருந்த தேவர் ஒரு கூட்டணியைக் கட்டினார். பார்வர்டு பிளாக், கம்யூனிஸ்ட் கட்சி, தி.மு.க., இந்திய தேசிய ஜனநாயக காங்கிரஸ். கதம்ப சாதம் மாதிரி எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டிய கூட்டணி என்று தாத்தா சிரிப்பாராம். செங்கொடிக்காரரும் மண்டிக்காரரும் ஒரே வேட்பாளருக்காக வீடு வீடாகப் போனார்கள். தாத்தாவோடு வந்த தோழர் ஒருவர் ஒவ்வொரு வாசலிலும் “பதுக்கல்காரர்களை ஒழிப்போம்” என்று ஆரம்பிப்பாராம். தாத்தா பக்கத்தில் நின்றுகொண்டு விசிறியால் விசிறிக்கொள்வாராம். மூன்றாவது தெருவில் தோழருக்கே வெட்கமாகி, “பெரியவரே, பழக்க தோஷம்” என்றாராம். ஜெயித்தார்கள். நகர நிர்வாகம் காங்கிரஸ் கையைவிட்டு முதன்முறையாகப் போனது. இந்தக் கட்சி மதுரையில் கண்ட ஒரே வெற்றி அதுதான், அதுவும் கம்யூனிஸ்டுகளின் தோளில் ஏறி.

1967-ல் தமிழ்நாடு முழுவதும் நடந்ததன் ஒத்திகையை மதுரை எட்டு வருடம் முன்னாலேயே நடத்திப் பார்த்துவிட்டது என்று நான் சொல்வேன். அதை யாரும் எழுதி வைக்காதது எங்கள் ஊர்க்காரர்களின் சோம்பல்.

வெற்றியின் சூடு ஆறுவதற்குள் கட்சியே இல்லாமல் போனது. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறைக்குத் தீர்மானம் போட்டது. நிலத்தைச் சேர்த்து உழ வேண்டும் என்றதும் நாடெங்கும் நிலக்காரர்கள் மிரண்டார்கள். ஜூன் 4-ம் தேதி சென்னை விவேகானந்தா கல்லூரியில் ராஜாஜி, என். ஜி. ரங்கா, மினு மசானி ஆகியோர் கூடியிருந்த கூட்டத்தில் சுதந்திரா கட்சி அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் பம்பாயில் மாநாடு. 21 அம்சக் கொள்கை, நட்சத்திரச் சின்னம். அடிப்படைக் கொள்கை தவிர மற்றவற்றில் உறுப்பினர் தன் இஷ்டப்படி வாக்களிக்கலாம் என்ற விநோதமான சலுகை வேறு. இந்திய தேசிய ஜனநாயக காங்கிரஸ் அப்படியே அதில் கலந்தது. யாரும் அழவில்லை.

சுதந்திராவிடம் சித்தாந்தம் இருந்தது, பணக்காரர்கள் இருந்தார்கள், வடக்கில் மகாராஜாக்கள் இருந்தார்கள். முன்னே இருந்த கட்சியிடம் இவை ஒன்றுமில்லை. ஒவ்வொருவரும் காமராஜர் மேல் ஒவ்வொரு குறையோடு வந்தார்கள். டிக்கெட் கிடைக்காதவர் ஒரு குறை, போலீஸ் அடித்தவர் ஒரு குறை, பர்மிட்டுக்கு அலைந்தவர் ஒரு குறை. குறைகள் ஒரு கூட்டத்தைக் கூட்டிவிடும், நகராட்சியைக்கூடப் பிடித்துவிடும். மறுநாள் காலையில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து எதை விரும்புகிறோம் என்று பேசத் தொடங்கினால் கதை கந்தலாகும். ஆனால் என் கணிப்பில் இன்னொன்றும் உண்டு. அந்த ஏழைக் கட்சி மதுரை மண்ணின் வாடை கொண்டது. சுதந்திரா கட்சி மசானியின் இங்கிலீஷ் பேசியது. காரைக்குடியில் கம்பன் கழகத்துச் சா. கணேசன் போன்ற ஒருவர் 1962-ல் அதன் வேட்பாளராக நின்று ஜெயித்தார் என்றால் அது கம்பனுக்கும் அவருக்கும் கிடைத்த மரியாதை. 21 அம்சங்களைக் காரைக்குடியில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

அந்த 1962-ல் சுதந்திராவுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்தது 6 இடம். தி.மு.க.வுக்கு 50. எதிர்க்கட்சி நாற்காலி கைமாறிவிட்டது. 1967-ல் தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்து 20 இடம் பிடித்தார்கள். விருதுநகரில் காமராஜர் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அன்று பக்கத்துக் கடை இரண்டு நாள் திறக்கவில்லை. தாத்தா தன் கடையையும் ஒரு வேளை சாத்தினார். “அடுத்த வீட்டில் இழவு விழுந்தால் நாம் வியாபாரம் பண்ண முடியுமா?” என்று கேட்டாராம். காமராஜரைத் தோற்கடிக்கப் பத்து வருடம் மகமை கொடுத்தவர்.

விகாரி வருடத்து ஏட்டிலிருந்து, அதாவது 1959 சித்திரையில் தொடங்கிய கணக்கிலிருந்து, அந்தத் தலைப்பு ‘ராஜாஜி வகை, நட்சத்திரம்’ என்று மாறியிருக்கிறது. தொகைகள் ஐந்து, பத்து. 1967-க்கு அப்புறம் ஒன்றுமில்லை. ஆனால் கணக்குப்பிள்ளை ஒழுங்கான ஆள், ஒவ்வொரு சித்திரையிலும் புது ஏட்டில் அந்தத் தலைப்பை எழுதி, எதிரே கோடு போட்டு வைத்திருக்கிறார்.

‘சாதாரண’ என்ற பெயர் கொண்ட தமிழ் வருடத்தின் மாசியில், 1971 மார்ச்சில், நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்ந்து தேர்தல். காங்கிரஸ் இரண்டாக உடைந்திருந்தது. இந்திரா காந்தி பக்கம் தி.மு.க. எதிரே ஸ்தாபன காங்கிரஸின் காமராஜர். அவரோடு கைகோத்து நின்றவர், தொண்ணூற்றிரண்டு வயதில், ராஜாஜி. பதினான்கு வருடம் எந்த ஆளை எதிர்ப்பதற்காகக் கட்சி மேல் கட்சியாகத் தொடங்கினாரோ அந்த ஆளோடு ஒரே அணி. எனக்கு அப்போது ஏழு வயது. பக்கத்துக் கடைக்காரர் வெற்றிலைத் தட்டோடு எங்கள் கடைத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தது நன்றாக நினைவிருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணாச்சி, இனிமேல் நாம் ஒரே கட்சி.”

தாத்தா ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளி, நிதானமாகச் சுண்ணாம்பு தடவினார்.

“அப்படியென்றால் நான் இத்தனை வருடம் கொடுத்ததை உங்களிடமே கொடுத்திருக்கலாமே முதலாளி. பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்சாவது போட்டிருப்பீர்கள்.”

ஓட்டுப் போடும் நாளில் இருவரும் ஒரே சைக்கிள் ரிக்‌ஷாவில் போனார்கள். நான் நடுவில், இரண்டு பேரின் முழங்கால்களுக்கு இடையே, இடுங்கி உட்கார்ந்திருந்தேன். தி.மு.க. 184 இடத்தில் ஜெயித்தது. ஸ்தாபன காங்கிரஸுக்கு 15, சுதந்திராவுக்கு 6. மறு வருடம் டிசம்பரில் ராஜாஜி காலமானார், 1974-ல் அவருடைய கட்சியும் வேறொன்றில் கலந்தது. அதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு ரிக்‌ஷாவில் போகும்போதும் வரும்போதும் அவர்கள் இருவரும் துவரம்பருப்பு விலையைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.